தூண்டில் எங்கே போடலாம்? எங்கே போடக்கூடாது?

எங்க ஊர் சேத்தியாத்தோப்புல "மீன் பிடிக்க இடமே இல்லை"ன்னு யாராவது சொன்னா, அவர் பொய் சொல்றார்னு அர்த்தம். ஒரு பக்கம் வெள்ளாறு, அதுக்குக் குறுக்கே அணைக்கட்டு. இன்னொரு பக்கம் வீராணம் ஏரி. நடுவுல எத்தனை வாய்க்கால்னு எண்ணி முடியாது. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு வீராணத்தைத் தனியா அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்திலேயே வந்தியத்தேவன் குதிரையில் வருவது இந்தக் கரை மேலதான். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் ஏரி. 2004ல இருந்து சென்னைக்குக் குடிதண்ணி கொடுக்கிற ஏரியும் இதுவேதான். இதை நம்பி 44,856 ஏக்கர் பாசனம் வேற.

ஆனா நான் இங்கே சொல்ல வந்தது சரித்திரம் இல்லை, தூண்டில். லீவு விட்டா கம்பும் நரம்பும் எடுத்துக்கிட்டுக் கிளம்புற பசங்க எல்லா ஊரிலும் இருக்காங்க. அவங்களுக்கு முதலில் நாலு விஷயம் சொல்லிட்டு, அப்புறம் ஒரு சண்டை போடலாம்னு இருக்கேன்.

முதல் விஷயம், இடம். மீன் சிக்கலைன்னா இரையைக் குறை சொல்வோம், முள்ளைக் குறை சொல்வோம், பக்கத்துல உட்கார்ந்து பேசுறவனையும் குறை சொல்வோம். உட்கார்ந்த இடத்தை மட்டும் குறை சொல்ல மாட்டோம். ஏரி பெரிசு. ஆனா மீன் ஏரி முழுக்கச் சமமா பரவி இருக்காது. தீனி எங்கே இருக்கோ, ஒளிய இடம் எங்கே இருக்கோ, அங்கேதான் இருக்கும். கோரை முடிஞ்சு தெளிந்த தண்ணி ஆரம்பிக்கிற விளிம்பு, ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்கு நடுவில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளி, நெய்வேலிக் காட்டாமணக்கு தண்ணிக்குள்ள சாஞ்சு நிழல் கொடுக்கிற கரை... இதெல்லாம் நல்ல இடங்கள்.

மதகுல தண்ணி விடும்போது இழுப்புக்கு நேரா போடக்கூடாது. இழுப்புக்குப் பக்கத்தில் தண்ணி சுழன்று மெதுவாகிற ஓரத்தில் போடணும். அடிச்சுக்கிட்டு வர்ற பூச்சி புழுவைத் தின்ன மீன் அங்கேதான் காத்திருக்கும். (மதகு வாயில் இறங்கி நிற்கிற வீரம் மட்டும் வேண்டாம். பாசியில் கால் வழுக்கினா தண்ணி உள்ளே இழுத்துக்கும். நீச்சல் தெரியும்ங்கிறது அங்கே உதவாது.)

மழைக்காலத்தில் மேற்கே இருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியா ஏரிக்குப் புதுத்தண்ணி வரும். ஓடைக்குப் பேரே கருவாடு, பாருங்க :-) அந்த மாதிரி புதுத்தண்ணி சேர்ற வாய்கள்ல எதிர்த்து ஏறுற மீன் கூடும்.

இரண்டாவது, உயிர் இரை. கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு போதும். முழுப் புழுவையும் முள்ளில் சுருட்டி உருண்டையாக்காதீங்க. வால் கொஞ்சம் வெளியே நெளியணும், அந்த நெளிவுதான் மீனைக் கூப்பிடும். ஜிலேபிக்கும் அதே புழு, ஆனா சின்ன முள்.

விரால் வேற ஜாதி. அது வேட்டை மீன். உயிரோட துள்ளுகிற அயிரை, சின்ன கெண்டைக்குஞ்சு, வெட்டுக்கிளி இதெல்லாம் கேட்கும். குஞ்சு மீனை முதுகுச் செதிலுக்குக் கீழே, முதுகெலும்பு படாமல் கோர்த்தால் ரொம்ப நேரம் நீந்தும். தக்கையை ஒரு முழத்துக்கு மேலே தள்ள வேண்டாம். விரால் மூச்சு வாங்க மேலே வர்ற மீன், மேல்தண்ணியிலேயே அடிக்கும்.

தவளையைக் கோர்ப்பது நம்ம பக்கம் சகஜம். எனக்கு அது பிடிக்காது. வயலில் பூச்சி தின்கிற ஜீவன் அது. தவளைக்கால் ஏற்றுமதிக்காகப் பிடிச்சே வயலைக் காலி பண்ணிட்டாங்கன்னு 1987ல அந்த ஏற்றுமதியையே நம்ம நாடு தடை செய்தது. வெட்டுக்கிளி இருக்கும்போது தவளை எதுக்கு?

இன்னொன்று. மிச்சமான உயிர் இரையை "பாவம், பொழைச்சுப் போகட்டும்"னு ஏரியில் விட்டுட்டு வராதீங்க, அது அதே ஏரியில் பிடிச்சதா இருந்தாலொழிய. 1952ல வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்த ஜிலேபி இன்னைக்கு எந்தக் குட்டையில் இல்லை சொல்லுங்க?

சரி, இப்ப சண்டைக்கு வருவோம்.

ஏரிக்கரையில் ஒரு இடம் இருக்கு. அங்கே போட்டா விரால் அடிக்கிறது நிச்சயம். பெரிய திறமை எதுவும் வேண்டாம். தண்ணி மேலே கைக்குட்டை அகலத்துக்கு ஆரஞ்சுக் கலரில் ஒரு கூட்டம் பொடிப்பொடியா மிதந்து, கொப்புளம் விட்டு, உள்ளே போய், மறுபடி மேலே வரும். அதுதான் விரால் குஞ்சுக் கூட்டம். அதுக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எது விழுந்தாலும் பாயும். விஷயம் தெரிஞ்ச ஆளுங்க அந்தக் கலரைத் தேடித்தான் கரையில் நடப்பாங்க.

என் கருத்து இதுதான்: அந்த இடத்தில் தூண்டில் போடக்கூடாது.

காரணம் சொல்றேன். முதலில், அங்கே விரால் பசிக்காக இரையைக் கடிக்கிறதில்லை. குஞ்சை விட்டு விரட்டுறதுக்காகக் கடிக்குது. இரை போட்டு ஏமாற்றுகிற ஆட்டமே அங்கே இல்லை. இடம் பார்க்கிறது, இரை கோர்க்கிறது, பொறுமையா உட்கார்றதுன்னு தூண்டிலில் இருக்கிற எல்லா ருசியும் போயிடுது. மிஞ்சுவது குஞ்சுக்குக் காவல் நின்றதுக்கு ஒரு தண்டனை.

இரண்டாவது, கணக்கு. ஒரு விரால் ஆயிரக்கணக்கில் முட்டை விடும். புல்லுக்கு நடுவில் இடம் ஒதுக்கி முட்டை போட்டு, குஞ்சு பொரிச்ச பிறகும் சில வாரம் கூடவே சுத்தும். காவல் போன அடுத்த நிமிஷம் குறவையும் கெளுத்தியும் நீர்க்காகமும் வந்துடும். ஆகக்கூடி நீங்க பிடிச்சது ஒரு மீன், ஏரி இழந்தது ஒரு கூட்டம். "பிடிச்சுப் பார்த்துட்டு உடனே விட்டுடுவேன்"னு சொன்னாலும், அது திரும்பி வர்றதுக்குள்ள கூட்டம் பாதி காலி.

மூன்றாவது, நம்ம ஏரியின் நிலைமை. வீராணம் எப்பவும் நிறைஞ்சிருக்கிற ஏரி இல்லை. முழுக் கொள்ளளவு 47.5 அடின்னு பெருமையா சொல்லிக்குவோம். ஆனா கொள்ளிடம் கீழணையில் இருந்து வடவாறு வழியா தண்ணி வந்தால்தான் அது நிறையும். 2024 கோடையில் ஏரி வறண்டே போச்சு. அப்படிப்பட்ட வருஷம் ஈரச் சேற்றிலும் பள்ளத்திலும் வாய்க்கால் மூலையிலும் தப்பிக்கிற கொஞ்ச விரால்தான் அடுத்த மழைக்கு விதை. கட்லா, ரோகு மாதிரி குஞ்சு கொண்டாந்து விடுவது விராலுக்குப் பெரும்பாலும் நடக்கிறதில்லை. மழை வந்ததும் அந்த மிச்ச மீன் போடுகிற குஞ்சுக் கூட்டத்தைத்தான் நாம தூண்டில் கம்போட தேடிப் போறோம்.

"தம்பி, வலை போட்டு அள்ளுறவனை விட்டுட்டு ஒத்தத் தூண்டில் போடுறவன்கிட்ட வந்து பேசுறியே"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். வலை யாருன்னு பார்த்துப் பிடிக்காது. ஆனா தூண்டில் போடுறவன் கண்ணால் பார்த்து, இது குஞ்சோட இருக்கிற மீன்னு தெரிஞ்சே போடுறான். தெரிஞ்சு செய்கிறவன்கிட்டதான் "விட்டுடுங்க"ன்னு கேட்க முடியும்.

"நான் விட்டா அடுத்தவன் பிடிப்பான்"ங்கிறது இன்னொரு பதில். பிடிக்கலாம்தான். ஆனா இந்தப் பதிலை வச்சு உலகத்தில் எதை வேணும்னாலும் நியாயப்படுத்திடலாமே!

இது வெளிநாட்டு ஃபேஷன்னு நினைக்க வேண்டாம். கனடாவில் ஒன்டாரியோவின் தெற்குப் பகுதியில், கூட்டுக்குக் காவல் நிற்கிற பாஸ் மீனைக் காப்பாத்தணும்னே வசந்த காலத்தில் தடை வச்சிருக்காங்க, உண்மைதான். ஆனா நம்ம கடலோரத்திலும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. 45 நாளாக இருந்த அந்தத் தடை 2017ல 61 நாளாச்சு. பரங்கிப்பேட்டைக்காரருக்கு அது நல்லாவே தெரியும். கடலுக்கு ஒரு நியாயம்னா ஏரிக்கும் அதே நியாயம்தானே? ஏரிக்கரையில் அதைச் சொல்ல அதிகாரி யாரும் வரப்போறதில்லை. நாமளே சொல்லிக்கிட்டாதான் உண்டு.

வீட்டில் குழம்புக்கு மீன் வேணும்னா ஜிலேபியைப் பிடிங்க. எவ்வளவு பிடிச்சாலும் ஏரி கோவிச்சுக்காது. விரால்தான் வேணும்னா குஞ்சு இல்லாத இடத்தில், கோரை ஓரத்தில், விடியக்காலையில் உட்காருங்க. குத்தகை எடுத்த ஏரியா இருந்தா முதலில் கேட்டுட்டு உட்காருங்க. கிடைச்சா அது உங்க சாமர்த்தியம், கிடைக்கலைன்னா நாளைக்கு வேற இடம். தண்ணியில் ஆரஞ்சுக் கலர் தெரிஞ்சா மட்டும் நரம்பைச் சுருட்டிக்கிட்டு இருபது அடி தள்ளிப் போயிடுங்க. அவ்வளவுதான் நான் கேட்கிறது.

மறுப்பு இருந்தா தாராளமா சொல்லுங்க. சண்டைக்கு நான் தயார் :-)