ஆழ்கடலும் துணைக் காற்றும்

மூச்சின்றி வாழ்வார் எவரும் இலர். ஆயினும் நிலத்தின்மேல் உலாவும் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நீருள் புகுந்த பின்னரே அதன் அருமை புலப்படுகின்றது. முற்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லின் பாரத்தால் கீழிறங்கி, ஒரே மூச்சில் சிப்பி திரட்டினர். தோணியில் கயிறு பற்றி நின்ற துணைவனே அவர்தம் உயிருக்குப் பிணை. 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர், மூழ்குவோன் மூச்சிழுக்குந்தோறும் வேண்டுமளவு காற்றுத் தரும் கருவியை அமைத்தனர். மனிதன் காற்றை முதுகிற் சுமந்து கடலடியில் நெடுநேரம் உலாவும் பேறு பெற்றான், கயிறும் ஒழிந்தது. அக்கயிற்றுக்கு ஈடாக இன்று நிற்பது யாது? இதனையே ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஸ்கூபா முறையில் மூழ்குவோர்க்குக் காற்றுத் தடைப்படுதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: சிலிண்டரில் காற்றுத் தீர்தல் ஒன்று, ரெகுலேட்டர் பழுதுறுதல் மற்றொன்று. ஒரு சிலிண்டரில் இரண்டு ரெகுலேட்டர்களைப் பொருத்துதல் பின்னதற்கு மருந்தாகுமேயன்றி முன்னதற்கு ஆகாது. தோழன் தாங்கிய ஆக்டோபஸ் என்னும் உபரி வாய்க்கருவி இரண்டிற்கும் உதவும். ஆயினும் அவன் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். கலங்கிய நீரில் சிறிது விலகினும் அவன் இருந்தும் இல்லாதவனே. ஆகவே தனிக் காற்றும் தனி ரெகுலேட்டரும் உடைய துணைச் சிலிண்டரே தக்கது என்பது எம் கருத்து.

அஃது எத்துணைப் பெரிதாதல் வேண்டும்? இதனை விலையோ அழகோ தீர்மானித்தலாகாது. கணக்கே தீர்மானித்தல் வேண்டும். கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு மிகுகின்றது. 30 மீட்டரில் அது நான்கு மடங்கு. நீர்மட்டத்தில் நிமிடத்திற்கு 30 லிட்டர் உட்கொள்ளும் அளவிற்கு அச்சமுற்றவன், அங்கே 120 லிட்டர் செலவிடுவான். நிலைமையுணர்ந்து தேறுதற்கு ஒரு நிமிடம் கொள்வோம்: 120 லிட்டர். பின்னர் 5 மீட்டர் வரை மெல்ல ஏறுதற்கு மூன்று நிமிடம்: ஏறத்தாழ 248 லிட்டர். அங்கே காவல் நிறுத்தம் மூன்று நிமிடம்: 135 லிட்டர். எஞ்சிய ஏற்றத்திற்கு ஒரு நிமிடம்: ஏறத்தாழ 38 லிட்டர். ஆக ஏறத்தாழ 540 லிட்டர் ஆகின்றது.

கைக்கு அடங்கும் சிறு கலமொன்று ஏறத்தாழ 85 லிட்டரே கொள்ளும். 30 மீட்டரில் அது முக்கால் நிமிடமும் நில்லாது. 10 மீட்டரிலிருந்து உடனே மேலேறுவோனுக்கோ அதுவே போதும். போனி எனப்படும் மூன்று லிட்டர்ச் சிலிண்டரை 200 பார் அழுத்தத்தில் நிரப்பின் 600 லிட்டர் கிடைக்கும். எனவே கலம் நன்றா தீதா என்று வினவுதல் பொருந்தாது. எவ்வாழத்திற்கு என்று வினவுதலே முறை.

'பாரம் மிகுமே' என்பார் உளர். மிகும், ஆயினும் அதனைச் சுமத்தற்கு இயலாதவன் தன் ஆழத்தைக் குறைத்துக்கொள்க. 'துணையுண்டென்ற துணிவால் மூழ்குவோன் அசட்டையாவானே' என்பார் கூற்று இன்னும் வலியது. அதற்கு மறுமொழி ஒன்றே: துணைக் காற்றை நீரடியில் தங்கும் நேரக்கணக்கிற் சேர்த்தலாகாது. ஒவ்வொரு முறையும் இறங்குமுன் அதன் அழுத்தத்தை அளந்து, வாய்க்கருவியைக் கண்ணாற் காணாது கையாற் கண்டெடுக்கப் பழகுதல் வேண்டும். ஏறும்போது மூச்சை அடக்குதலும் ஆகாது. விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கும்.

மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியர் பதின்மரும் தீவட்டி ஏந்தியே சென்றனர். ஐவரைக் காத்தது தீவட்டியன்று. பாத்திரத்தில் தனியே கொண்ட எண்ணெயே. நள்ளிரவில் இரவல் கேட்ட ஏனையோர்க்குக் கதவு அடைபட்டது. கடலின் கதவும் அத்தகையதே. வேண்டுவதைக் கரையிலேயே எண்ணிக் கொள்வோமாக.