ஆண்பால், பெண்பால் – இது என்ன பால்?

‘பால்’ என்றதும் பலருக்கும் பசும்பால்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் “ஆண்பால், பெண்பால்” என்று பாடம் படிக்கும்போது, “இது எந்த மாட்டுப் பால்?” என்று கேலி செய்கிறவர்களும் உண்டு.

இந்தப் பால் வேறு! ‘பகு’ என்றால் பிரி. அந்தச் சொல்லோடு உறவு உடையது ‘பால்’. பகுதி என்பது அதன் பொருள். திருக்குறளில் அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என்று 3 பால்கள் உண்டு. அவை நூலின் 3 பகுதிகள். அதுபோலத்தான் ஆண்பாலும் பெண்பாலும்.

ஐந்து பால்

தொல்காப்பியம் சொற்களை முதலில் 2 திணையாகப் பிரித்தது. மக்களைக் குறிப்பது உயர்திணை. மற்றவை அஃறிணை. வந்தான், வந்தாள், வந்தார் – இந்த மூன்றும் உயர்திணை. வந்தது, வந்தன – இந்த இரண்டும் அஃறிணை. ஆக மொத்தம் 5 பால்.

ஆண் உயர்வு, பெண் தாழ்வு என்று இலக்கணம் சொல்லவில்லை. மக்கள் எல்லோரும் உயர்திணைதான். ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களுக்கும் தொல்காப்பியம் உயர்திணை முடிவையே கொடுத்தது. திருநங்கையரை “அது” என்று ஏசுகிறவர்கள் இதை அறியவேண்டும்.

காசிமேட்டுப் பேச்சு

இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் “ஆயா வந்துச்சு”, “பொண்ணு போச்சு” என்ற பேச்சைக் கேட்கலாம். முடிவு அஃறிணை. ஆனால் அதில் இருப்பது பாசம்! மகிழ்ச்சியினால் திணை மாறிப் பேசலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது.

“அதிகாரி வந்தார், மீன்காரி வந்தாள்” என்கிறார்களே, அதில் பாசம் எங்கே இருக்கிறது? எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் “மானேஜர் வந்தார், மூட்டை தூக்குகிறவன் வந்தான்” என்றால் அது இலக்கணம் அல்ல. சம்பளத்தை அளந்து கொடுக்கும் மரியாதை!

‘வந்தார்’ என்பது பலர்பால். மரியாதைக்காக ஒருவருக்கும் அது வழங்குகிறது. ஆண், பெண், திருநங்கை எல்லோருக்கும் பொது. விடியுமுன் எழுந்து, கூடை சுமந்து, ஊருக்கு மீன் கொடுக்கிறவருக்கு அதைத் தந்தால் என்ன?

‘ள்’ போய் ‘ர்’ வரவேண்டும். அவ்வளவுதான். ஓர் எழுத்தில் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது!