கொத்து வேலைக்கு எதுக்குங்க படிப்பு?

"கொத்து வேலைக்கு எதுக்குங்க ஒரு வருசப் படிப்பு? மேஸ்திரி பின்னாடி நின்னா தானா வந்துட்டுப் போகுது." தங்கச்சி பையன் அரசு ஐடிஐயில கொத்தனார் பிரிவுல சேர்ந்ததிலிருந்து, விசேஷ வீட்டுப் பந்தியில உட்கார்ந்தா இந்தக் கேள்விதான். எலக்ட்ரீசியன், ஃபிட்டர்னா யாரும் கேட்க மாட்டாங்க. கொத்தனார்னாத்தான் முகம் சுளிக்குது. தங்கச்சியே "ஐடிஐ படிக்கிறான்"னு சொல்லி அதோட நிறுத்திக்குது.

நான் அந்தக் கட்சி இல்லை. கட்டடத்துல நின்னா வேலை வரும்கிறது பாதி உண்மை. அங்க யாரும் கத்துக்கொடுக்கிறதில்லை, வேலை வாங்குறாங்க. செங்கல் சுமக்கணும், கலவை போடணும், டீ வாங்கிட்டு வரணும். கரண்டி எப்போ கைக்கு வரும்கிறது மேஸ்திரி மனசு. மாமன் மச்சான்னா சீக்கிரம் வரும். பொம்பளைன்னா வரவே வராது. எங்க ஊர்ல 25 வருசமா சித்தாள் வேலைக்குப் போற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. கலவையைத் தூரத்துல பார்த்தே தண்ணி கூடிப்போச்சுன்னு சொல்லிருவாங்க. ஒரு வரிசை கல் வைக்க இன்னைக்கு வரைக்கும் அவங்களை விட்டதில்லை. கூலியும் கொத்தனார் கூலிக்குப் பக்கத்துல வராது. பையன் வகுப்புல ரெண்டு பொண்ணுங்க படிக்கிறாங்க. மொத வாரத்துல இருந்தே அவங்க கையிலயும் கரண்டி இருக்கு. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அப்புறம், தப்புப் பண்ண ஒரு இடம் வேணுமில்லைங்களா? அங்க மண் கலவையில சுவர் எழுப்பச் சொல்றாங்க. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, வாத்தியார் பிசகைக் காட்டினதும் இடிச்சு, கல்லைச் சுரண்டி அடுக்கி, மறுபடியும் கட்டணும். "ஒரே மூலையை ஆறு தடவை கட்டியாச்சு மாமா"ன்னு சலிச்சுக்கிட்டான். வீட்டுக்காரர் காசுல நடக்கிற வேலையில ஆறு தடவை எவன் விடுவான்?

செங்கல்லை ஏன் நனைக்கணும்? காஞ்ச கல்லு கலவைத் தண்ணியை உறிஞ்சிரும், சிமெண்ட் இறுகத் தண்ணி மிஞ்சாது. மூலை மட்டத்துக்கு 3, 4, 5 அடின்னு எங்க மேஸ்திரியும்தான் கயிறு பிடிக்கிறார். ஆனா இடம் பெருசுன்னா 6, 8, 10 எடுத்துக்கிட்டா பிசகு குறையும்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கான், கணக்குல தட்டுத்தடுமாறிப் பாஸான பையன்.

லீவுல ஒரு வீட்டு வேலைக்குப் போனான். சாப்பாட்டுக்கு முன்னாடி போட்ட கலவை இறுகிக் கிடந்திருக்கு. தண்ணி ஊத்திக் கிளறச் சொல்லியிருக்கார் மேஸ்திரி. "இறுக ஆரம்பிச்சதுக்கு மேல தண்ணி ஊத்தினா பலம் போயிருமுங்கண்ணா"ன்னு இவன் சொல்ல, "படிச்சதைப் பள்ளிக்கூடத்துல வெச்சுட்டு வா"ன்னு பதில். அந்தக் கலவைதான் சுவருக்குப் போச்சு. அது யாரோ கோயமுத்தூர்ல வேலை பார்க்கிறவர் கடன் வாங்கிக் கட்டுற வீடு.

டவுன்ல இருக்கிற நீங்க டைல்ஸ் வாங்க நாலு கடை ஏறி இறங்குறீங்க. கல் வைக்கிறவன் எங்க கத்துக்கிட்டான்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? கான்கிரீட்டை 7 நாளாவது நனைக்கணும். பிபிசி சிமெண்ட்டுக்கு, அதுவும் நம்ம வெயிலுக்கு, 10 நாள். மூணாம் நாளே ஓஸைச் சுருட்டிட்டுப் போனா ஏன்னு கேட்க அங்க ஒரு ஆள் வேணும்.

ஐடிஐ ஒண்ணும் சொர்க்கமில்லை. மாசம் 750 ரூபாய் உதவித்தொகை வருது, பஸ் பாஸ் இருக்கு, நல்லதுதான். ரசமட்டம் மட்டும் நாலு பேருக்கு ஒண்ணு. அதை விடுங்க. படிச்சு வர்றவனுக்கும் இங்க சித்தாள் கூலிதான். சான்றிதழைக் கேட்கிறது பெரிய கம்பெனிங்க மட்டும்தான். அதுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகணும். அப்படி அனுப்பிட்டு, இங்க வேலைக்கு ஆள் இல்லைன்னு வடக்கே இருந்து வர்ற பசங்களைத் தேடிட்டு இருக்கோம்.

மாசியில தோட்டத்துல மோட்டார் ரூம் கட்டுறேன். பையனும், வந்தா அவன் வகுப்புப் பொண்ணு ஒருத்தியும் கல் வைப்பாங்க, ரெண்டு பேருக்கும் கொத்தனார் கூலின்னு மேஸ்திரிகிட்டச் சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னார். பத்து நாளாச்சு, இன்னும் போன் வரலை.