குழந்தையின் ஸ்கேன் படம் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதுல என்னவெல்லாம் செய்யலாம்?" என்பதுதான். சினிமா, பாட்டு, பையனின் பள்ளி புராஜெக்ட், கரண்ட் பில் என்று எல்லோரும் ஒரு பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன். உங்கள் குழந்தைக்கு எடுத்த ஸ்கேன் படங்களை பைல்களாகவே கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் பத்திரமாக வையுங்கள். பள்ளி புராஜெக்டை விட இது முக்கியம் என்பது என் கருத்து.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுவோம். தமிழில் எழுதும்போது ஸ்கேனும் சிடி, அந்தப் படங்களைப் பதிந்து தரும் தட்டும் சிடி! எனவே இந்தக் கட்டுரையில் ஸ்கேனை சி.டி. ஸ்கேன் என்றும், தட்டை டிஸ்க் என்றும் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு எடுக்கும் படங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. அல்ட்ரா சவுண்ட் ஒலி அலைகளால் வேலை செய்கிறது, கதிர்வீச்சு கிடையாது. கைக்குழந்தையின் உச்சிக்குழி மூடாமல் இருக்கும் வரை அதன் வழியாகவே மூளையை அல்ட்ரா சவுண்டில் பார்த்து விடலாம். எலும்பு மூடிய பெரியவர்களுக்கு இந்த வசதி இல்லை. எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அதுவும் காதைப் பிளக்கும் சத்தத்தில். மூன்று வயதுக் குழந்தையிடம் போய் "அசையாதே" என்று சொல்லிப் பாருங்கள்! அதனால் பல நேரம் மயக்க மருந்து தேவைப்படுகிறது. பிறந்த குழந்தை என்றால் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்து எடுத்து விடுவார்கள்.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிர்களால் வேலை செய்கிறது. சில நொடிகளில் முடிந்து விடும். தலையில் அடிபட்டால், அவசரம் என்றால் இதற்கு ஈடு இல்லை. விலை என்னவென்றால் கதிர்வீச்சு. 2001-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரைகள், பல இடங்களில் பெரியவர்களுக்கான செட்டிங்கிலேயே குழந்தைகளுக்கும் ஸ்கேன் செய்கிறார்கள் என்று காட்டின. சின்ன உடம்புக்கு அவ்வளவு கதிர் தேவையே இல்லை. 2008-ல் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற பிரசாரத்தை அங்குள்ள மருத்துவர்கள் தொடங்கினார்கள். 2012-ல் 'லான்செட்' இதழில் பிரிட்டன் ஆய்வு ஒன்று வெளியானது. அதன் கணக்குப்படி, 10 வயதுக்குள் தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்த 10,000 குழந்தைகளில், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம்.

பத்தாயிரத்தில் ஒன்று. பயப்படும் அளவு இல்லை. டாக்டர் தேவை என்று சொன்னால் தயங்காமல் எடுத்து விட வேண்டும். என் கோபமெல்லாம் தேவையே இல்லாமல் எடுக்கப்படும் ஸ்கேன் மீதுதான். அதிலும், ஏற்கெனவே எடுத்த படம் திறக்கவில்லை என்பதற்காக எடுக்கப்படும் ஸ்கேன் மீது.

எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. என் அக்கா மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஹைட்ரோசெபாலஸ். மூளைக்குள் சுரக்கும் நீர் வடியாமல் தேங்கும் பிரச்சினை. தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வைத்து நீரை வடிய விட்டிருக்கிறார்கள். ஷன்ட் என்பார்கள். குழாய் அடைத்துக் கொண்டால் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வரும். சாதாரணக் காய்ச்சலிலும் இவையே வரும் என்பதுதான் பெற்றோரின் நரகம்.

போன வருடம் ஒரு இரவு அப்படித்தான் வாந்தி. மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அது அவசியமானது. படத்தில் மூளையின் நீர் அறைகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. ஆனால் ஷன்ட் வைத்த சில குழந்தைகளுக்கு அவை எப்போதுமே அப்படித்தான் இருக்கும். முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போது பெரிதாகி இருக்கிறதா என்று சொல்ல முடியும். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "பழைய ஸ்கேன் இருக்கா?"

இருந்தது. நான்கு டிஸ்க், ஒரு மஞ்சள் பையில். கடைசியாக எடுத்த டிஸ்கை அங்கிருந்த கம்ப்யூட்டர் படிக்க மறுத்து விட்டது. அக்கா எனக்குப் போன் செய்தாள். "தம்பி, நம்ம லேப்டாப்புல போட்டு அனுப்பலாம்னு பார்த்தா, இதுல டிஸ்க் போடுற இடமே இல்லையேப்பா!" உண்மைதான். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் கிடையாது. சென்னையில் உட்கார்ந்து கொண்டு நான் என்ன செய்ய முடியும்? குழந்தையை அட்மிட் செய்து கவனித்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுநாள் இன்னொரு ஸ்கேன். நல்ல வேளையாக ஷன்ட்டில் அடைப்பு இல்லை, வயிற்றுக் கோளாறுதான். பிறகு அந்த டிஸ்கை வாங்கி வந்து என்னிடமுள்ள யு.எஸ்.பி. டிவிடி டிரைவில் போட்டேன். திறந்து விட்டது! ஒரு டிரைவ் படிக்காத டிஸ்கை இன்னொன்று படிப்பது உண்டு. மறுநாள் எடுத்த அந்த ஸ்கேனை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"பிலிம் இருக்கிறதே, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்களே, போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. ஒரு சி.டி. ஸ்கேன் என்பது ஒரு படம் அல்ல. நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் பொதுவாக 512 x 512 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு படம் 512 கேபி. 200 படம் என்றால் 100 எம்பி. ஒவ்வொரு புள்ளியிலும் சுமார் 4,000 அளவுகள் பதிவாகின்றன. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று கணக்கு. உங்கள் ஜேபெக் படத்திலோ கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். அதனால் மூளை தெரியும்படி ஜேபெக் எடுத்தால் எலும்பு முழுதும் ஒரே வெள்ளையாகி விடும். அதில் உள்ள மெல்லிய விரிசல் மறைந்து போகும். மூல பைலில் டாக்டர் மவுஸை இழுத்தாலே மூளை, எலும்பு, நுரையீரல் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிலிமிலும் வாட்ஸ்அப் படத்திலும் இது நடக்காது.

இந்த மூல பைலுக்குப் பெயர்தான் டைகாம். 1993-ல் இந்தப் பெயரில் வந்த தரம் இது. எந்தக் கம்பெனியின் ஸ்கேனராக இருந்தாலும் இந்த பைலை எங்கும் திறக்கலாம்.

டிஸ்கைத் திறந்தால் டைகாம்டிர் என்று ஒரு பைலும், உள்ளே ஐஎம்00001 என்பது போல எக்ஸ்டென்ஷன் இல்லாத ஏராளமான பைல்களும் இருக்கும். பார்த்தவுடன் வைரஸ் என்று நினைத்து டெலீட் செய்து விடாதீர்கள், அவைதான் படங்களே! சிலர் வியூவர் புரோகிராமை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து விட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது டிவி இருக்கிறது, கேபிள் இல்லை என்பது போல. டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு போல்டரில் காப்பி செய்யுங்கள். போல்டருக்குத் தேதியையும் ஸ்கேனின் பெயரையும் பெயராகக் கொடுங்கள். இன்னொரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். சரியாகக் காப்பி ஆகியிருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸில் மைக்ரோடைகாம் என்ற வியூவர் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் ஜிப் செய்து பாஸ்வேர்டு போட்டு, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கி விடும். பாஸ்வேர்டு எதற்கு என்றால், ஒவ்வொரு டைகாம் பைலுக்குள்ளும் குழந்தையின் பெயர், வயது, தேதி எல்லாம் இருக்கிறது.

வியூவரில் திறந்தவுடன் நீங்களே டாக்டர் ஆகி விடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். அந்த பைலில் எந்த பைட் எங்கே இருக்கிறது என்று சொல்வேன். அக்கா மகளின் படத்தில் எது நோய், எது இயல்பு என்று எனக்குத் தெரியாது. ஒரு படத்தை மட்டும் ஏ.ஐ. சாட்பாட்டில் போட்டு விளக்கம் கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். 200 படத்தில் ஒன்றைப் பார்த்து, பழைய ஸ்கேனையும் பார்க்காமல் சொல்லும் பதிலை வைத்துக் கொண்டு என்ன செய்வது? நம் வேலை பைலைக் காப்பது. படிப்பது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை.

"மருத்துவமனையே வைத்திருக்காதா?" என்றும் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைகள், உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. அக்கா மகளுக்கு இப்போது 7 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் இன்று அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அதே விதிகள், நோயாளி தரப்பில் ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆனால் கவுன்டரில் கேட்டால் "பிலிம் போதும் சார்" என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் ஸ்கேன் சென்டர், ஒரு டைகாம் காப்பி தருவதற்கு முகம் சுளிப்பது எனக்குப் புரியவில்லை. டிஸ்கையோ பென் டிரைவையோ கேட்காமலே தர வேண்டும். கதிர் அளவைக் காட்டும் டோஸ் ரிப்போர்ட்டையும் ஸ்கேனர் தானே தயாரிக்கிறது. அதையும் சேர்த்துத் தர வேண்டும்.

இப்போது சில இடங்களில் டிஸ்குக்குப் பதிலாக செல்போனுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறார்கள். வசதிதான். ஆனால் லிங்க் எத்தனை நாள் வேலை செய்யும், அதில் டவுன்லோட் ஆவது டைகாமா ஜேபெக்கா என்ற இரண்டையும் பில் கட்டும்போதே கேளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே டவுன்லோட் செய்து விடுங்கள்.