வெயாங்கொடை உள்நாட்டுத் துறைமுகம்: தண்டவாளம் முதலில்

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஓரிடத்தில் கொள்கலன்களை ரயிலிலிருந்து இறக்கி, சுங்கப் பரிசோதனையை முடித்து, லொறிகளில் ஏற்றி அனுப்பும் வளாகமே உள்நாட்டுத் துறைமுகம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வெயாங்கொடையிலும் புளுமெண்டலிலும் இவற்றை அமைக்க முன்மொழியப்பட்டது. வெயாங்கொடைத் திட்டத்தை, இந்த அறிக்கையை வெளியிடும் தெமட்டகொடை அமைப்பு ஆதரிக்கிறது. ரயில் சேவை தொடங்காமல் அதைத் திறப்பதை எதிர்க்கிறது.

கொழும்புத் துறைமுகம் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாள்கிறது. அவற்றில் பெரும்பங்கு கப்பல் மாறி வேறு நாடுகளுக்குப் போய்விடுகிறது. நாட்டுக்குள் வரும் சிறுபங்கே ஒருகொடவத்தைப் பரிசோதனை முற்றங்களையும் பேஸ்லைன் வீதியையும் திணறடிக்கப் போதுமாயிருக்கிறது. 2025 ஜனவரியில் கொள்கலன்கள் தேங்கியபோது சாரதிகள் நாட்கணக்கில் வாகனங்களிலேயே காத்துக் கிடந்தார்கள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து வெயாங்கொடைக்கு ரயில்பாதையில் நாற்பது கிலோமீற்றர்கூட இல்லை. இவ்வளவு குறுகிய தூரத்தில் ரயிலுக்கு லொறியை விடச் செலவு கூடும். ஒவ்வொரு கொள்கலன் பெட்டியையும் கூடுதலாக ஒருமுறை ஏற்றி இறக்க வேண்டியிருப்பதே காரணம். முத்திரையிட்ட பெட்டி துறைமுகத்திலிருந்து நேரே ரயிலேறி வெயாங்கொடையில் முதன்முறையாகத் திறக்கப்பட்டால்தான் அந்தச் செலவு ஈடாகும். ஆகவே சுங்க அதிகாரிகளும் ஸ்கேனர் இயந்திரங்களும் அங்கு போயாக வேண்டும். ஒருகொடவத்தையில் பரிசோதித்த பெட்டியை மீண்டும் வெயாங்கொடைக்கு இழுப்பதால் யாருக்கும் பயனில்லை.

காணியைப் பொறுத்தவரை, வயலையும் சதுப்பையும் நிரப்புவதை இவ்வமைப்பு ஏற்காது. அத்தனகலு ஓயா பெருகினால் வெயாங்கொடை உள்ள கம்பஹா மாவட்டம் என்ன பாடுபடும் என்பது ஊரறிந்தது. வெயாங்கொடையில் அரச நெசவாலை இயங்கியது. அத்தகைய பழைய ஆலைக் காணிகளையே முதலில் பரிசீலிக்க வேண்டும். சாயக் கழிவும் எண்ணெயும் ஊறிய மண்ணைச் சோதித்துத் துப்புரவாக்கும் செலவு முதலீட்டாளரின் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். காணியின் உரிமை அரசிடமே இருக்க வேண்டும்.

பழைய ஆலைக் காணி சரக்கு வளாகமாக மாறுவது ஜேர்மனியின் டுயிஸ்பேர்க் நகரில் நடந்திருக்கிறது. அந்நகரின் ரைன்ஹவுசனில் இருந்த குருப் உருக்காலையைக் காப்பாற்றத் தொழிலாளர்கள் 1987, 1988ஆம் ஆண்டுகளில் மாதக்கணக்கில் போராடியும், 1993இல் அது மூடப்பட்டது. 1998 முதல் அந்தக் காணி ஆறும் ரயிலும் நெடுஞ்சாலையும் சந்திக்கும் சரக்கு வளாகமாக மாறியது. ஆலைக்கென்று இருந்த ஆற்றுக்கரையும் தண்டவாளமும் அதற்குக் கைகொடுத்தன. எனினும் ஆலை மூடப்பட்டதற்கும் வளாகம் தொடங்கியதற்கும் இடையிலான ஆண்டுகளைத் தொழிலாளர் குடும்பங்களே சுமந்தன. இங்கு வேலைவாய்ப்பும் பயிற்சியும் கட்டுமானத்தோடு சேர்ந்தே தொடங்க வேண்டும்.

வெயாங்கொடைக்கான பிரதான ரயில்பாதை தெமட்டகொடை வழியாகவே செல்கிறது. காலையும் மாலையும் அலுவலக ரயில்களால் நிரம்பும் அந்தப் பாதையில் சரக்கு ரயில்களுக்கு இரவு நேரமே மிஞ்சும். அந்த நேர அட்டவணையைத் திட்டத்துக்கு அங்கீகாரம் வழங்கும் முன்பே புகையிரதத் திணைக்களம் வெளியிட வேண்டும். பாதையோரம் வாழும் குடும்பங்களை அகற்ற நேர்ந்தால், மாற்று வீட்டின் சாவி கையில் கிடைக்கும்வரை எந்தக் குடும்பத்தையும் வெளியேற்றக் கூடாது. அந்த வீடும் பிள்ளைகளின் பாடசாலைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.