நீதியரசர் மறுத்ததைப் பிரசங்கியார் வழங்கினார்!

சமயப் பெரியார்கள் அரசனின் அருகில் அமர்ந்தால் ஆட்சி அறவழியில் நடக்கும் என்பது நம்மவர் பலரின் நம்பிக்கை. 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தார் அன்றோ என அவர்கள் சான்றும் காட்டுவர். ஆனால் வள்ளுவர் வேண்டியது அரசனை இடித்துரைக்கும் துணையை. அரசனிடம் வேதனம் பெற்று, அவன் விரும்பியதைத் தேவ வாக்காக மாற்றிக் கொடுக்கும் துணையை அவர் வேண்டினாரல்லர். இவ்வேற்றுமையை அறியாத மக்கள் முதலில் தம் பணத்தை இழப்பர். பின்னர் தம் உரிமையை இழப்பர். இது ஊகமன்று. ஆங்கில நாட்டுச் சரித்திரத்தில் ஆண்டும் திகதியும் இட்டுப் பதிவான வழக்கு.

1534 ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி தன்னைத் திருச்சபையின் தலைவனாகச் சட்டத்தால் நிலைநாட்டினான். அவன் மகள் எலிசபெத்தின் 1559 ஆம் ஆண்டுச் சட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வராதவனுக்குப் பன்னிரண்டு பென்ஸ் தண்டம் விதித்தது. 1569 இல் வடபகுதிப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அரசுக்கு எதிராக எழுவது பெரும் பாவமெனப் போதிக்கும் நீண்ட பிரசங்கமொன்று அச்சிடப்பட்டு ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. வானொலியும் நாளிதழும் இல்லாத காலம் அது. ஊர்தோறும் ஒரே செய்தியை ஒலிக்கச் செய்யவல்ல கருவியாகப் பிரசங்க பீடமே இருந்தது. கேட்போன் வராவிடில் தண்டம். சொல்வோன் மாறினால் பதவி போகும்! இத்தகைய கருவியை எந்த அரசன்தான் சும்மா விட்டு வைப்பான்?

1625 இல் முதலாம் சாள்ஸ் அரியணை ஏறினான். யுத்தச் செலவுக்குப் பணம் வேண்டும். 1626 ஆம் ஆண்டுப் பாராளுமன்றமோ, பணம் தருமுன் அவனது அருமைத் துணைவன் பக்கிங்ஹாம் கோமகனை விசாரிக்க வேண்டுமென்றது. அரசன் பாராளுமன்றத்தைக் கலைத்தான்; 'கடன்' என்ற பெயரில் குடிகளிடம் பணம் கேட்டான். கொடுக்க மறுப்பவன் சிறைக்குப் போவான் என்றால் அது கடனாவது எவ்வாறு? அதனாலேயே சரித்திரம் அதனைக் 'கட்டாயக் கடன்' என்கின்றது.

இக்கடன் சட்டப்படியானது எனக் கையொப்பமிட்டுத் தருமாறு நீதியரசர்கள் கேட்கப்பட்டனர். அவர்கள் கையொப்பமிட மறுத்தனர். பிரதம நீதியரசர் சேர் ரனுல்ஃப் க்ரூ 1626 நவம்பரில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சட்டத்திடம் கிடைக்காத அத்தாட்சிக்கு அரசன் வேறோரிடம் தேடினான். அந்த இடம் பிரசங்க பீடம்.

1627 பெப்ரவரியில், நோர்தம்ப்டன் நகரில் நீதிமன்ற அமர்வுக்கென வந்திருந்த நீதியரசர்களின் முன்னிலையிலேயே, றொபேட் சிப்தோர்ப் என்னும் போதகர் கீழ்ப்படிவைப் பற்றிப் பிரசங்கித்தார். அதே ஆண்டு ஜூலையில், அரச குருவான றொஜர் மேன்வாரிங் அரசனுக்கு முன்னால் இரு பிரசங்கங்கள் செய்தார். அரசன் கேட்ட பணத்தைக் கொடாதவன் கடவுளின் கட்டளையை எதிர்க்கின்றான், அவன் ஆன்மாவுக்கு ஆக்கினை காத்திருக்கின்றது என்பது அவர் போதனையின் சாரம். வரி விதிக்கும் உரிமை அரசனுக்கு இயல்பாகவே உண்டு. பாராளுமன்றம் அதனைத் திரட்ட உதவும் வசதி மாத்திரமே என்பது அதன் மறுபாதி. அரசனின் விசேட கட்டளைப்படி அந்நூல் அச்சேறியது.

சட்டம் பயின்றவர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். வரி நியாயமற்றதாயின் நீதிமன்றம் செல்லலாம். தோற்றால் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் வரி கொடாதவனுக்கு நரகம் என்று தீர்ப்புக் கூறிவிட்டால், அத்தீர்ப்புக்கு எதிராக எந்த மன்றிலே வழக்காடுவது? குடிமகனின் வாயை அடைப்பதற்குச் சிறையைவிட மலிவான வழி இது. சிறைக்குச் சுவர் வேண்டும், காவலாள் வேண்டும். பயந்த மனத்துக்கு அவை வேண்டா.

இதனைக் கொண்டு சமயத்தின் மீதே பழி போடுவோரும் உளர். அதுவும் பிழை. சிப்தோர்ப்பின் பிரசங்கத்தை அச்சிட அனுமதி தர மறுத்தவர் யார்? அத்திருச்சபையின் தலைமைக் குருவாகிய கன்ரபரி அதிமேற்றிராணியார் ஜோர்ஜ் அபட்! அதற்கு அவர் பெற்ற பரிசு என்ன? அவருடைய அதிகாரங்கள் பறிக்கப்பட்டு, லோட் உள்ளிட்ட மேற்றிராணிமார் சிலரிடம் ஒப்படைக்கப்பட்டன. நீதியரசருக்கு நேர்ந்த கதியே சமயத் தலைவருக்கும் நேர்ந்தது. சமயத்தின் பாதுகாவலன் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அரசு, அச்சமயத்தின் வாயைப் பொத்தும் உரிமையையும் உடன் எடுத்துக்கொள்கின்றது.

குடிகள் என்ன செய்தனர்? கனவான்கள் பலர் பணம் கொடாது சிறை சென்றனர். மறுத்த ஏழைகள் படைக்குப் பிடிக்கப்பட்டனர். சிறையிருந்த ஐவர் 1627 நவம்பரில் ஆட்கொணர் மனுவுடன் மன்றை நாடினர். அரசனின் விசேட கட்டளை என்னும் ஒரே காரணத்தின் முன் அவர்களுக்குப் பிணை கிடைக்கவில்லை. 1628 இல் கூடிய பாராளுமன்றம் இதற்கு விடையாக உரிமை மனுவை இயற்றியது. பாராளுமன்றத்தின் சம்மதமின்றி வரியோ கடனோ அறவிடலாகாது. காரணம் காட்டாமல் எவரையும் சிறையிடலாகாது. அதே ஜூன் மாதத்தில் மேன்வாரிங்கும் பிரபுக்கள் சபையின் முன் நிறுத்தப்பட்டார். சிறை, ஆயிரம் பவுண் தண்டம், மூன்றாண்டுப் பணி விலக்கு, இனி அரச சபையில் பிரசங்கிக்கத் தடை, நூலுக்குத் தீ எனத் தீர்ப்பாயிற்று. அவர் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அரசன் செய்தது யாது? சில வாரங்களுக்குள் அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தான். வளமான ஆலயப் பதவியொன்றை வழங்கினான். சில ஆண்டுகளில் அவரை மேற்றிராணியாராகவே உயர்த்தினான். 1629 இலிருந்து பதினோராண்டு பாராளுமன்றமே கூடவில்லை. 1642 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 ஜனவரி 30 ஆம் நாள் அரசனின் தலை வீழ்ந்தது. அவனைக் காப்பதாக எண்ணிப் பிரசங்கித்தவர்கள், அவன் கேட்க வேண்டிய உண்மையை அவன் செவிக்கு எட்டாமற் செய்தனர்.

அரச சபையில் உண்மை பேசிய பிரசங்கியே இல்லையா என்று கேட்கலாம். இருந்தார். 1549 ஆம் ஆண்டு தவக்காலத்தில், பதினொரு வயதுச் சிறுவனான ஆறாம் எட்வேட் மன்னன் முன் ஹியூ லற்றிமர் பேசினார். தம் தந்தை ஆண்டுக்கு மூன்று நான்கு பவுண் குத்தகைக்குச் செய்த நிலத்துக்கு, இப்போது பதினாறு பவுணும் அதற்கு மேலும் கேட்கப்படுவதை அரச சபையிலேயே எடுத்துரைத்தார். கைக்கூலி வாங்கும் நீதிபதிகளைக் கண்டித்தார். நம் கமக்காரர் இவ்வுரையைக் கேட்டிருந்தால் தம்மவர் ஒருவர் பேசுவதாகவே எண்ணியிருப்பர். அவரால் இவ்வாறு பேச முடிந்தமைக்குக் காரணம் என்ன? அவர் தம் மேற்றிராணியார் பதவியை 1539 இலேயே துறந்தவர். பின்னர் அதனைத் திரும்பப் பெறவுமில்லை. இழப்பதற்குப் பதவி அவரிடம் இல்லை. உயிர் இருந்தது, அதனையும் மேரி அரசியின் காலத்தில், 1555 இல் ஒக்ஸ்போட் நகரில் தீயிலே கொடுத்தார்.

அரசனை எதிர்த்தவர்கள் மட்டும் தூயவரா? அல்லர். போர் தொடங்கிய பின் பாராளுமன்றமும் மாதந்தோறும் உபவாச நாள் வைத்துத் தனக்கென்று பிரசங்கிகளை அழைத்தது. அப்போது கடவுள் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றார்! ஆகவே குற்றம் முடியில் மட்டும் இல்லை. அதிகாரம் எவர் கையில் உளதோ, அவர் கையில் பிரசங்கியும் இருந்தால் அதுவே குற்றம்.

இந்நாட்டில் வாழும் நமக்கும் இது அந்நியக் கதையன்று. ஒரு சமயத்தவருக்கு மட்டும் சலுகை அளிக்கும் சட்டத்தைச் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு தடுத்தது. 1972 ஆம் ஆண்டுக் குடியரசு அமைப்பில் அக்காப்பு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978 ஆம் ஆண்டு அமைப்பின் 9 ஆம் உறுப்புரை அதனை நிலைநிறுத்தியுள்ளது. ஏனைய சமயத்தவரின் வழிபாட்டுரிமை கூறப்பட்டுள்ளது உண்மையே; ஆயினும் உரிமை வேறு, சமத்துவம் வேறு. பௌத்த நண்பர்களுக்கும் நாம் கூறுவது ஒன்றுண்டு: அபட்டின் கதையை மறவாதீர்கள். அரசு அளிக்கும் முதன்மை, அரசு பூட்டும் விலங்காகவும் மாறலாம்.

நம் மேடைகளுக்கும் இதே அளவுகோல்தான். குருக்களாயினும் பாதிரியாராயினும், மாலையுடன் மேடையேறி ஒரு கட்சிக்கு ஆசி கூறும்போது, அவரை அங்கு அமர்த்தியவர் யார், நாளை அவர் மாறுபட்டுப் பேசினால் அம்மேடையில் அவருக்கு இடமிருக்குமா என்று கேளுங்கள். சமயப் பெரியார் அரசியல் பேசலாகாது என்று நாம் கூறவில்லை. லற்றிமர் பேசியது அரசியலே. அவர் எளியவனின் குத்தகைக்காகப் பேசினார். மேன்வாரிங் வலியவனின் திறைசேரிக்காகப் பேசினார். உங்கள் பணத்தையோ வாக்கையோ கடவுளின் பெயரால் எவரேனும் கேட்டால், "இதற்குச் சட்டம் எங்கே? எம் சம்மதம் எங்கே?" என்று கேளுங்கள். அக்கேள்வி பாவமன்று, குடிமகனின் கடமை.