மிச்சமான 500 ரூபாய்

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் துணி சுமக்கும் பிக்கப் வண்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி நீங்கலாக 5,000 ரூபாய் டயர் என்றால் 500 ரூபாய் மிச்சம்.

ஆனால் சில வாரம் முன்புதான், ஆகஸ்டு 27 முதல், அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டிருந்தது. பனியன் ஆர்டர் குறைந்தால் வண்டி வாடகையும் குறையும். கை தானாகவே மலிவு டயரைத் தேடும்! ஆபத்து அங்கேதான்.

டயரின் பக்கவாட்டில், அளவுக்கு அடுத்தாற்போல் ஓர் எண் இருக்கிறது. 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 108 என்றால் 1,000 கிலோ. டிரெய்லர் இழுத்தால் கொக்கியை அழுத்தும் பாரமும் பின் டயர்கள் மீதே இறங்கும். கார் டயர் சக்கரத்தில் பொருந்தலாம், பாரம் தாங்காது. வண்டிக் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் குறைந்த டயரைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.